உங்கள் ஊர்க் கல்லூரிக் கட்டிடத்துக்கு என்ன வயது? கண்டுபிடிக்கும் வழி

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று சர்டிபிகேட்டில் இருப்பது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் பார்த்துப் போட்டது அது. இன்னொன்று பாட்டி சொல்வது: ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முன்னால், ஒகேனக்கல்லில் தண்ணீர் புரண்டு ஓடிய வருடம். ரிட்டயர்மெண்டுக்கு வாத்தியார் கணக்கு, அறுபதாம் கல்யாணத்துக்குப் பாட்டி கணக்கு. எதற்கு எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் வீட்டில் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை.

கல்லூரிக்கும் அப்படித்தான், என்ன, இரண்டோடு நிற்காது. அரசாணை போட்ட நாள், முதல் வகுப்பு நடந்த நாள், பல்கலைக்கழகம் இணைப்புக் கொடுத்த நாள், கட்டிடத்தைத் திறந்த நாள் என்று நான்கு இருக்கும். பல சமயம் நான்கும் ஒரே வருடத்தில்கூட வராது. ஆனால் மலர் போடும்போதும் நுழைவாயிலில் ஃபிளக்ஸ் வைக்கும்போதும் கையில் கிடைத்த ஒரு வருடத்தை எடுத்து 'தோற்றம்' என்று போட்டு, பக்கத்திலேயே மெயின் பில்டிங் படத்தையும் வைத்து, இரண்டுக்கும் ஒரே ஜாதகம் எழுதிவிடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் படித்த கல்லூரியின் பொன்விழா மலரில் அந்தத் தப்பைச் செய்த ஆளே நான்தான். கல்லூரியின் பெயர் வேண்டாம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களுக்குள் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தப்பு செய்தேன் என்பதைக் கல்வெட்டுப் பகுதியில் சொல்கிறேன். நீங்கள் பழைய மாணவர் சங்கத்துக்காகவோ, மலருக்காகவோ, சும்மா ஆர்வத்துக்காகவோ இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், நான் அலைந்த அலைச்சலில் பாதி உங்களுக்கு மிச்சமாகும்.

முதலில் சில தேதிகளை மனதில் வையுங்கள்

எந்தக் காகிதத்தையும் தேடுவதற்கு முன்னால் இது முக்கியம், ஏனென்றால் தேடவேண்டிய இடமே இதை வைத்துத்தான் மாறும். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. கிருஷ்ணகிரி அரசு ஆண்கள் கலைக் கல்லூரி தொடங்கியது 1964-ல், அதாவது அது பிறந்தபோது அது இருந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி அரசு கலைக் கல்லூரி 1965, மாவட்டம் பிறந்த அதே வருடம். ஆகவே அந்தக் காலத்துக் காகிதத்தைத் தேடிக்கொண்டு இன்றைய கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸுக்குள் மட்டும் சுற்றினால் ஒன்றும் கிடைக்காது, 'சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி வட்டம்' என்று தேட வேண்டும். மாநிலத்தின் பெயரே 1969 ஜனவரி 14 வரை மெட்ராஸ்தான், 'தமிழ்நாடு அரசு' என்று தலைப்பிட்ட 1964-ம் வருட அரசாணை நகலை யாராவது நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள், பின்னாளில் டைப் அடித்ததாக இருக்கும்.

அடுத்தது காமராஜர். நம் பக்கத்தில் 1960-களில் கட்டின எந்தக் கட்டிடத்தைக் கேட்டாலும் 'காமராஜர் திறந்தது' என்பார்கள், அதில் ஒரு பாசம் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டது 1963 அக்டோபர் 2-ல். அதற்கப்புறம் 1967 மார்ச் வரை பக்தவத்சலம். எனவே 1964, 65-ல் தொடங்கின கல்லூரியை 'முதலமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார்' என்று எழுதியிருந்தால், பெயர் தப்பு அல்லது வருடம் தப்பு அல்லது பதவி தப்பு, மூன்றில் ஒன்று. காங்கிரஸ் தலைவராக வந்திருக்கலாம், அல்லது அவர் காலத்தில் பேச்சு ஆரம்பித்து அடுத்தவர் காலத்தில் கதவு திறந்திருக்கலாம். இப்படி முட்டுகிற இடத்தில்தான் தேடவேண்டும்.

இன்னொன்று பி.யு.சி. பிளஸ் டூ வந்தது 1978-ல், அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் நேராகக் கல்லூரிக்கு வந்து ஒரு வருடம் பி.யு.சி. படித்தார்கள். பட்ட வகுப்பு ஆரம்பிக்காமல் பி.யு.சி. மட்டும் நடந்த கல்லூரியும் கல்லூரிதான். முதல் பி.ஏ. பேட்ச்சில் இருந்தவர் 'நாங்கதான் முதல் செட்' என்பார், அவருக்கு முன்னால் படித்த பி.யு.சி. ஆளும் அதையே சொல்வார், இருவர் சொல்வதும் நிஜம்.

பல்கலைக்கழகம் எது என்று பாருங்கள்

எங்கள் வீட்டில் மாமாவின் பட்டச் சான்றிதழ் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும், சென்னைப் பல்கலைக்கழகம். தங்கையுடையது பெரியார் பல்கலைக்கழகம், 'அறிவால் விளையும் உலகு' என்ற வாசகத்தோடு. இரண்டு பேரும் படித்தது ஒரே கட்டிடத்தில், கிட்டத்தட்ட ஒரே பெஞ்சில்.

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது 1997 செப்டம்பர் 17. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன, அதற்கு முன் நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் சென்னையோடு இருந்தன. செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இதுவும் ஒரு வகையில் வாத்தியார் போட்ட பிறந்தநாள்தான், தேதி பார்த்து வைத்தது. தருமபுரியிலிருந்து சேலம் பஸ்ஸில் தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் தாண்டி, கருப்பூர் பக்கம் ரோட்டோரமாகப் பார்க்கிறோமே, அந்தக் கட்டிடங்களை வைத்து அதன் வயதைச் சொல்லாதீர்கள். சட்டம் வேறு, செங்கல் வேறு.

பொறியியல் என்றால் கதை இன்னும் சுற்றும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994-ல் வந்தது, 2001-ல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் மொத்தமாக அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போயின. ஆகவே அங்கே படித்தவர்களின் சான்றிதழ்களை வருட வாரியாக அடுக்கிப் பாருங்கள், பல்கலைக்கழகப் பெயர் எந்த பேட்ச்சில் மாறுகிறது என்று தெரியும். பர்கூருக்கு ஏன் 1994-ல் வந்தது என்று யாராவது கேட்டால், 1991-லிருந்து 96 வரை பர்கூர் எம்.எல்.ஏ. யார் என்று திருப்பிக் கேளுங்கள். முதலமைச்சர் ஜெயலலிதாவேதான். கல்லூரி வரலாறு தேடுகிறவர்கள் சட்டமன்ற விவாதங்களையும் புரட்டச் சொல்வது இதனால்தான்.

கட்டிடமும் நிறுவனமும் எவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்பதற்கு நமக்கெல்லாம் பழைய தாய்வீடான சென்னைப் பல்கலைக்கழகத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. பல்கலைக்கழகம் சட்டப்படி வந்தது 1857 செப்டம்பர் 5. மெரினாவுக்கு எதிரே நாலு மூலையிலும் கோபுரம் வைத்து நிற்கிற செனட் ஹவுஸைக் கட்டத் தொடங்கியது 1874, முடித்தது 1879. ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞரின் வரைபடம். அப்படியென்றால் இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருந்தது? எங்கேயும் பெரிதாக இருக்கத் தேவைப்படவில்லை, அதுதான் விஷயம். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து ஏற்படுத்தப்பட்ட அது அப்போது பாடம் நடத்தவில்லை, தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். பாடம் நடத்தியது கல்லூரிகள். தேர்வு வைக்க ஒரு ஹால், பட்டம் கொடுக்க ஒரு மேடை, இரண்டுக்கும் இடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். பிறகு கட்டின ஹாலுக்கும் வேறு வாழ்க்கை வந்தது, 1937-ல் சட்டமன்றமே கொஞ்ச காலம் அதற்குள் கூடியது. பக்கத்திலேயே மாநிலக் கல்லூரியும் அப்படித்தான், ஆரம்பித்தது 1840, இன்றைய கட்டிடம் 1870.

ஆகவே உங்கள் கல்லூரி விஷயத்திலும் முதல் கேள்வி 'கட்டிடம் எப்போது' என்பதல்ல, 'கட்டிடம் வருவதற்கு முன்னால் எங்கே நடந்தது' என்பது. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும். புதிதாக வருகிற அரசுக் கல்லூரி ஏதாவது ஒரு மேல்நிலைப்பள்ளியின் பின்பக்கத்திலோ, கல்யாண மண்டபத்திலோ, வாடகைக் கட்டிடத்திலோ இரண்டு மூன்று வருடம் ஓட்டுவது இன்றுவரை நடக்கிற வழக்கம்.

கல்லைப் படிப்பது

சரி, இப்போது என் கதை. மெயின் பில்டிங் போர்ட்டிகோவில், ஆபீஸுக்குள் நுழைகிற கதவுக்கு இடது பக்கம், இடுப்பு உயரத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு பச்சை டிஸ்டெம்பர் என்று எத்தனை கோட் அடித்தார்களோ, எழுத்தின் குழியெல்லாம் மூடிக்கிடக்கும். நான் மத்தியானம் போய்ப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, செல்போனில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தேன், இன்னும் மோசம். ஃபிளாஷ் நேராக அடித்தால் குழியும் மேடும் ஒன்றாகிவிடும். கடைசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வாக்கிங் போனபோது பார்க்கிறேன், கிழக்கு வெயில் சுவரை உரசிக்கொண்டு வருகிறது, எழுத்தெல்லாம் நிழல் கட்டி எழுந்து நிற்கிறது. அமைச்சர் பெயர், தேதி, வருடம் எல்லாம் தெளிவு. சந்தோஷத்தில் அப்படியே எழுதி மலரில் போட்டுவிட்டேன்.

மலர் வந்து ஒரு மாதம் கழித்து, ரிட்டயரான வாட்ச்மேன் ஒருவர் டீக்கடையில் பிடித்தார். "தம்பி, அந்தக் கல்லு இந்தப் பில்டிங்கோடது இல்லப்பா. பின்னாடி பழைய லேப் இருந்துச்சு பாரு, அதை இடிக்கிறப்ப எடுத்து இங்க வெச்சாங்க. சும்மா கெடக்குதேன்னு பதிச்சுட்டாங்க." போய்ப் பார்த்தால் கல்லைச் சுற்றி இருக்கிற பூச்சு வேறு நிறம், சிமெண்ட் புதுசு. கண்ணெதிரே இருந்திருக்கிறது, எனக்குத்தான் எழுத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஆகவே கல்லைப் பார்க்கும்போது முதலில் ஓரத்தைப் பாருங்கள், அப்புறம் எழுத்தைப் படியுங்கள். சுவரோடு சேர்ந்து வளர்ந்த கல்லா, பிற்பாடு குடைந்து பதித்ததா என்பது ஓரத்துப் பூச்சில் தெரியும். காலையிலோ மாலையிலோ போங்கள், இல்லாவிட்டால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு இன்னொருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆணியால் சுரண்டுவது, ஆசிட் ஊற்றுவது, எழுத்தில் பெயிண்ட் தடவுவது எல்லாம் கூடவே கூடாது. மற்றபடி அடிக்கல் வேறு, திறப்புக் கல் வேறு, இரண்டுக்கும் நடுவே மூன்று நாலு வருடம் ஓடியிருக்கலாம். 'அடிக்கல் நாட்டப்பட்டது' என்றிருந்தால் அந்த நாளில் அங்கே வெறும் பள்ளம்தான் இருந்தது என்று அர்த்தம்.

நடுகல் நிறைந்த ஊர்க்காரர்களுக்குக் கல் படிக்கச் சொல்லித்தருவது ஒரு மாதிரிதான் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கிற நடுகற்களைப் பாருங்கள்: 'கோவிசைய' என்று தொடங்கி இந்த அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இந்த ஊரில் ஆநிரை கவர்ந்தபோது இன்னார் மகன் இன்னான் பட்டான் என்று, மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயர்வரை வெட்டியிருப்பார்கள். நம் காலத்துத் திறப்புக் கல்லில் அமைச்சர், எம்.எல்.ஏ., கலெக்டர் எல்லோரும் இருப்பார்கள், கட்டின மேஸ்திரி பெயர் மட்டும் இருக்காது. அந்த மேஸ்திரியின் பெயர் யாருக்காவது தெரிந்தால் முதலில் அதை எழுதி வையுங்கள்.

சுவரைப் படிப்பது

கல் பொய் சொல்லலாம், கூரை அவ்வளவு சீக்கிரம் சொல்லாது. தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ், நிச்சயமாக 1960-களின் கட்டிடம் இல்லை, வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரியையோ (அரசு அலுவலகம்) பங்களாவையோ கல்லூரிக்குக் கொடுத்திருப்பார்கள். கான்கிரீட் தளம், நீளமான வராண்டா, வராண்டா ஓரத்தில் சிமெண்டில் வார்த்த ஜாலி (ஓட்டை ஓட்டையான தடுப்பு), ரெட் ஆக்சைடு தரை என்றால் அது 1960-கள், 70-களின் அரசுக் கட்டிட முகம். பூச்சு உதிர்ந்த இடத்தில் பாருங்கள் (நீங்களாக உதிர்க்காதீர்கள்), விரலில் வெள்ளையாக மாவு ஒட்டினால் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்ட்.

மங்களூர் ஓடு இருந்தால் உடைந்த ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி முத்திரை இருக்கும். பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் 1865-ல் தொடங்கியது, அதற்கப்புறம் எத்தனையோ கம்பெனிகள். ஆனால் ஓடு கைமாறும், இடித்த வீட்டு ஓட்டை வாங்கிப் போடுவது நம் ஊரில் சாதாரணம், எனவே ஓட்டை மட்டும் நம்பி எழுதிவிடாதீர்கள். கருங்கல் சுவரை வைத்தும் வயது சொல்ல முடியாது. நம் இரண்டு மாவட்டத்தில் வேலிக்கே கல்லை நட்டுக் கம்பி கட்டுகிறோம், கல் இங்கே எல்லாக் காலத்திலும் மலிவு.

எனக்குப் பிடித்த வழி நடந்துபோய்ப் பார்ப்பது. செருப்பைக் கழற்றிவிட்டு வராண்டாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடங்கள். ஒரு இடத்தில் தரை நிறம் மாறும், அல்லது அரை அங்குலம் ஏறும், மேலே பார்த்தால் சுவரில் உச்சியிலிருந்து தரைவரை நேர்கோடாக ஒரு விரிசல் இறங்கும். அதுதான் இரண்டு கட்டிடங்கள் சேர்ந்த இடம். எந்தப் பக்கம் முந்தியது, எது பிற்பாடு ஒட்டவைத்தது என்பது ஜன்னல் மரத்திலும் தூணின் கனத்திலும் தெரியும். 'மெயின் பில்டிங்' என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது பெரும்பாலும் மூன்று தவணையில் கட்டியதாக இருக்கும்.

காகிதம்

கல்லூரி ஆபீஸுக்குள்ளேயே பாதிக் கதை கிடக்கிறது. முதலில் முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது, அடுத்த முதல்வர் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பிறகு சேர்க்கைப் பதிவேட்டின் முதல் நோட்டைக் கேளுங்கள். முதல் மாணவரின் சேர்க்கை தேதி அதில் இருக்கும், இதைவிட நல்ல பிறப்புச் சான்று கல்லூரிக்குக் கிடையாது. அதற்கடுத்து பணியாளர் வருகைப் பதிவேடு, பழைய டி.சி. அடிக்கட்டைகள், கல்லூரிக் கையேடு, ஆண்டு மலர்கள். எல்லோரும் மறக்கிற ஒன்று ஸ்டாக் ரிஜிஸ்டர், அதாவது இருப்புப் பதிவேடு. எங்கள் கல்லூரியில் மர பெஞ்சுகளின் பின்பக்கம் வெள்ளை பெயிண்டில் எண்ணும் வருடமும் எழுதியிருந்தது. ஒரே வருடத்தில் நூற்றுக்கணக்கான பெஞ்சும் பத்துப் பதினைந்து மேஜையும் வாங்கியிருந்தால் அந்த வருடம் புது வகுப்பறைகள் வந்தன என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் இரவலாக உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொந்த பெஞ்ச் வந்த வருடம் அது.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் கொடுத்த சுய ஆய்வு அறிக்கையில் தொடங்கிய தேதி, வளாகப் பரப்பு, யு.ஜி.சி. 2(எஃப்), 12(பி) அங்கீகாரத் தேதிகள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும், பல கல்லூரிகள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன. ஆரம்பிக்க நல்ல இடம், முடிக்க அல்ல. போன தடவை அறிக்கையிலிருந்து எடுத்து இந்தத் தடவை போடுவார்கள், தப்பும் கூடவே வரும். பழைய சென்னைப் பல்கலைக்கழக காலண்டர்களில் (ஆண்டுக் கையேடுகள்) இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் கல்லூரி முதல் தடவை எந்த வருடம் தலைகாட்டுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனை.

கட்டிடத்துக்குப் போக வேண்டிய இடம் பொதுப்பணித் துறை. பிளான், எஸ்டிமேட், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) எல்லாம் அவர்களிடம்தான் இருந்திருக்கும். நேரில் போய்க் கேட்டால் 'அதெல்லாம் பழசு சார்' என்று சொல்லிவிடுவார்கள், ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் போதும், முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். இதில் எல்லோரும் செய்கிற தப்பு, 'கல்லூரியின் வரலாற்றைத் தெரிவிக்கவும்' என்று கேட்பது. வரலாறு அவர்கள் ஃபைலில் இல்லை, காகிதம்தான் இருக்கிறது. காகிதத்தைக் கேளுங்கள். நான் எழுதியது இப்படி:

'மேற்படி கல்லூரியின் முதன்மைக் கட்டிடம் கட்ட நிர்வாக அனுமதி வழங்கிய அரசாணையின் நகல், அந்தக் கட்டிடத்தின் தொழில்நுட்ப அனுமதி ஆணையின் நகல், கட்டி முடித்துக் கல்லூரியிடம் ஒப்படைத்த நாளைக் காட்டும் ஆவணத்தின் நகல் ஆகியவற்றை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

மூன்றாவதாகக் கேட்டதுதான் தங்கம். திறப்பு விழா அமைச்சரின் தேதி கிடைப்பதைப் பொறுத்தது, ஒப்படைப்பு கட்டிடம் முடிந்ததைப் பொறுத்தது. எனக்கு முதல் தடவை 'ஆவணம் இல்லை' என்று ஒரு வரியில் வந்தது, மேல்முறையீட்டில் ஒப்படைப்புக் கடிதத்தின் மங்கின நகல் வந்தது. இரண்டும் ஒரே அலுவலகத்திலிருந்துதான்.

நிலம் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகாவிலோ 'அ' பதிவேட்டை (கிராமத்தின் நிலப் பதிவேடு) பாருங்கள், கல்லூரி நிற்கிற சர்வே எண் எதிரே முன்பு அது தரிசா, புறம்போக்கா, யாருடைய பட்டாவா என்று தெரியும். 1980-களை ஒட்டி நடந்த யு.டி.ஆரில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த பணி) பல விவரம் மாறியிருப்பதால் அதற்கு முந்தைய பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். நிலம் தானமாகக் கொடுத்த குடும்பம் இருந்தால் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், பேரன்மார் வீட்டுப் பெட்டியில் இன்னும் பத்திரமாக இருக்கும்.

1960-களின் அரசாணைகளை மூலமாகவே பார்க்கவேண்டும் என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் போகவேண்டும், கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். அரசாணை எண், நாள், துறை மூன்றும் தெரிந்தால் ஒரே நாளில் வேலை முடியும், தெரியாமல் போனால் எழும்பூர் டீக்கடைக்காரருக்கு நீங்கள் சொந்தக்காரர் ஆகிவிடுவீர்கள். அதற்கும் பழைய கட்டிடம் என்றால் 1918-ல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரைப் பாருங்கள், நம் இரண்டு மாவட்டமும் அதற்குள்தான் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் நிறையக் கிடைக்கின்றன, தேடும்போது தர்மபுரி, தருமபுரி என்று இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "ஐயா, கட்டிடம் எந்த வருஷம் திறந்தாங்க?" என்று கேட்டால், "அறுபத்தஞ்சு, அறுபத்தாறு இருக்கும்பா" என்று ஒரு வருடம் வரும், அதை நம்பவும் முடியாது, விடவும் முடியாது. அதற்குப் பதிலாக, "ஐயா, உங்க பி.யு.சி. கிளாஸ் எங்க நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஷீட்டு போட்ட கொட்டா. மழை வந்துச்சுன்னா வாத்தியார் பேசுறது ஒண்ணும் கேக்காது, புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு நின்னுருவாரு. நாங்க வேர்க்கடலை உரிப்போம். அந்த வருஷந்தான் இந்தி ஸ்ட்ரைக்கு, காலேஜே மூடிட்டாங்க." போதும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது 1965 ஜனவரி 25-ல், ஆக அந்தக் கல்வி ஆண்டில் கட்டிடம் இல்லை, கொட்டகை இருந்திருக்கிறது. அவர் வருடமே சொல்லவில்லை, ஆனால் எனக்கு வருடம் கிடைத்துவிட்டது.

இப்படி ஆணி அடித்து மாட்டுவதற்கு நாலைந்து சம்பவங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3, எமர்ஜென்சி 1975 ஜூன். மிகப் பழைய கட்டிடமென்றால் தாத்தா சொன்ன கதையாக மொரப்பூர், தருமபுரி சின்ன ரயில் வரும், அது ஓடத் தொடங்கியது 1906, நின்றது 1941. "ரயில் நிக்கிறதுக்கு முன்னாடியே இந்தக் கட்டிடம் இருந்துச்சாமா" என்றால் அதுவே ஒரு தேதி. கல்யாணம், முதல் குழந்தை, அப்பா தவறியது என்று அவர்கள் வாழ்க்கையிலிருந்தும் கேளுங்கள், கல்யாணப் பத்திரிகையைத் தேதிக்காக எடுத்துக் காட்டிய அம்மா ஒருவரும் உண்டு.

பேராசிரியர்களை மட்டும் தேடிப் போகாதீர்கள், அவர்கள் மாற்றலில் வந்து மாற்றலில் போனவர்கள். வாட்ச்மேன், அட்டெண்டர், கேண்டீன் வைத்திருந்தவர், வாசலில் சைக்கிளுக்குப் பஞ்சர் போட்டவர், இவர்கள்தான் முப்பது வருடம் அதே இடத்தில் உட்கார்ந்து கட்டிடம் ஏறுவதைப் பார்த்தவர்கள். ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் உரக்கப் பேசுகிறவர் கதைதான் மிஞ்சும்.

எழுதும்போது

ஒரு வரியில் நான்கு தேதிகளையும் கலக்காதீர்கள். 'கல்லூரி 1965-ல் கட்டப்பட்டது' என்ற வாக்கியமே தப்பு, கல்லூரியை யாரும் கட்டுவதில்லை, தொடங்குகிறார்கள். அரசாணை இந்த நாள், வகுப்பு இந்த இடத்தில் இந்த நாள், இணைப்பு இந்தப் பல்கலைக்கழகம், முதல் கட்டிடம் ஒப்படைப்பு இந்த நாள், பின்பக்கப் பகுதி பிற்பாடு என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இது காகிதத்தில் பார்த்ததா, ஆள் சொன்னதா, சுவரைப் பார்த்து நாமே கணித்ததா என்று நாலு வார்த்தை. மலர் கமிட்டி இதை வெட்டச் சொல்லும், அழகாக இல்லை என்பார்கள். வெட்டாதீர்கள். முடியவே முடியாது என்றால் அந்த முழு வடிவத்தை நாலு பிரதி எடுத்து கல்லூரி நூலகத்திலும் மாவட்ட மைய நூலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.

படங்களின் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள், பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தெரியும். வாய்ஸ் ரெக்கார்டைச் செல்போனிலேயே விட்டுவைக்காதீர்கள், எனக்கு அப்படி இரண்டு பேட்டி தண்ணீரில் போயிற்று.

நான் தப்பாகப் போட்ட வருடத்துக்கு ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடித்து, நூலகத்தில் மிச்சமிருந்த நாற்பது மலர்களிலும் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டினேன், ஒரு சனிக்கிழமை முழுக்க ஆயிற்று. நீங்களும் ஒட்டவேண்டி வந்தால் மைதாப் பசை வேண்டாம், ஒரே வருடத்தில் பூச்சி சீட்டையும் தின்று பக்கத்தையும் தின்றுவிடும். கோந்து வாங்கி ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள்.